வெளியேற மறுக்கும் விளையாட்டு

2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, டிக்டாக் என்னும் செயலியை மக்கள் பதிவிறக்கம் செய்யாதவாறு தடுக்கவேண்டுமென்று மத்திய அரசுக்கு ஓர் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் கூகுளும் ஆப்பிளும் தத்தம் கடைகளிலிருந்து அதை எடுத்துவிட்டன. அதே மாதம் 24-ஆம் தேதி நீதிமன்றம் நிபந்தனையோடு தடையை விலக்கிக்கொள்ளவே, செயலி பழையபடி கடைக்கு வந்துசேர்ந்தது. தேசம் முழுவதும் பேசப்பட்ட இந்த விவகாரத்தில் அதிகம் கவனிக்கப்படாத விசேஷம் ஒன்று உண்டு. உத்தரவுக்கு முன்பே செயலியை ஏற்றிவைத்திருந்த கோடிக்கணக்கானவர்களில் ஒருவருடைய கைபேசியிலிருந்துகூட அது அந்த மூன்று வாரமும் மறையவில்லை. ஒத்தக்கடையிலும் திருமங்கலத்திலும் தடைக்கு முந்தின நாள் அதில் ஆடிப் பாடியவர், தடைக்கு மறுநாளும் தாராளமாக ஆடிப் பாட முடிந்தது.

அடுத்த ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவைப் பிரயோகித்து மத்திய அரசு 118 செயலிகளைத் தடைசெய்தபோது, அவற்றுள் பப்ஜி மொபைல் என்ற துப்பாக்கி விளையாட்டும் ஒன்றாக இருந்தது. அதை ஏற்கெனவே வைத்திருந்த பிள்ளைகள் அக்டோபர் 30-ஆம் தேதி கம்பெனியே இந்தியாவுக்கான தொடர்பைத் துண்டிக்கும் வரையில் விளையாடிக்கொண்டுதான் இருந்தார்கள். அதன் பிறகும் உயிர் போன அந்தச் செயலி, உடையவன் கைவைத்து நீக்குகிற வரையில், கைபேசியின் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. விளையாட்டுகளைத் தடைசெய்யலாமா கூடாதா, எந்த நேரத்தில் அனுமதிக்கலாம், எந்த வயதில் அனுமதிக்கலாம் என்றெல்லாம் நம் மாநிலத்தில் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்திருக்கிறது. ஆனால், தானே விரும்பி ஒரு விளையாட்டைத் தன் கணினியில் ஏற்றிக்கொண்ட ஒருவன், தானே விரும்பி அதை மிச்சமின்றி இறக்கிவிட முடிகிறதா என்ற சாதாரணக் கேள்வியை இங்கே எந்த மன்றத்திலும் யாரும் கிளப்பியதாக எனக்குத் தெரியவில்லை. கைபேசியில் இது பெரிய சிரமமில்லை. கணினியில்தான் சங்கடம்.

கணினியில் ஒரு நிரலை நீக்குவது எப்படி நடக்கிறது என்பதை அறிந்துகொண்டால் சங்கடத்தின் மூலம் விளங்கிவிடும். விண்டோஸ் 95 வந்த காலந்தொட்டு, ஏற்றப்பட்ட நிரல்களின் பட்டியல் ஒன்று அதன் கட்டுப்பாட்டு அறையில் இருந்துவருகிறது. வேண்டாத பெயரைத் தேர்ந்து 'அன்இன்ஸ்டால்' என்பதை அழுத்தினால், விண்டோஸே அந்த நிரலின் கோப்புகளைத் தேடிப்பிடித்து அழிக்கிறது என்றுதான் சாமானியர்கள் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில், பெரும்பாலான விளையாட்டுகளின் விஷயத்தில் விண்டோஸ் அப்படி எதுவும் செய்வதில்லை. அந்தப் பெயருக்கு நேரே ஒரு முகவரி எழுதப்பட்டிருக்கும்; அந்த முகவரியில், விளையாட்டைத் தயாரித்த கம்பெனியே எழுதிவைத்துவிட்டுப்போன நீக்கும் நிரல் ஒன்று இருக்கும்; விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எதை அழிப்பது, எதை விட்டுவைப்பது என்கிற அதிகாரம் முழுவதும் வெளியேறவேண்டியவன் கையிலேயே கொடுக்கப்பட்டிருக்கிறது. தன்னுடைய வெளியேற்றத்தைத் தானே எழுதிக்கொள்கிறவன் அதில் எவ்வளவு சிரத்தை காட்டுவான் என்பதை ஊகிக்கப் பெரிய சாதுரியம் தேவையில்லை.

வில்லாபுரத்தில் என் தங்கை வீட்டுப் பிள்ளை, கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிப்பவன், அரியர் பரீட்சை நெருங்கியதும் தானாகவே முடிவுசெய்து தன் மடிக்கணினியிலிருந்து ஒரு விளையாட்டை நீக்கினான். "மாமா, கேமைத் தூக்கிட்டேன், ஆனா இடம் மட்டும் வரல" என்று அவன் என்னிடம் காட்டியபோது, 'சி' டிரைவின் கோடு சிவந்த நிறத்திலேயே இருந்தது. விளையாட்டின் பெயரும் பட்டியலிலிருந்து போனபாடில்லை. அதை மறுபடி அழுத்தியபோது, 'நீக்க முயன்றபோது பிழை ஏற்பட்டது. இது ஏற்கெனவே நீக்கப்பட்டிருக்கக்கூடும். பட்டியலிலிருந்து பெயரை மட்டும் எடுத்துவிடட்டுமா?' என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வந்தது. அரசு அலுவலகங்களில் நெடுநாள் அலைந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தப் பாஷை புதிதாக இராது. ஆள் வீட்டுக்குள் இருக்கிறானா இல்லையா என்று பார்க்காமல், ரேஷன் அட்டையில் பெயரை அடித்துவிடச் சம்மதமா என்று கேட்கிற தோரணை அது.

மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் ஒரு கடைக்கு எடுத்துப்போனோம். கடைப் பையன் நான்கு தரம் தட்டிப்பார்த்துவிட்டு, "டேட்டா எதுவும் முக்கியமா இருக்கா சார்? பேக்கப் எடுத்துட்டு பார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுக் குடுத்துருவேன், சாயங்காலம் வந்து வாங்கிக்கங்க" என்றான். அவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுக்குத் தெரிந்த நிச்சயமான பரிகாரம் அதுதான், அதற்கு ஒரு விலையும் உண்டு. ஆனால் ஒரே ஒரு விளையாட்டை வெளியேற்றுவதற்காக, அந்தக் கணினியிலுள்ள பாடக்குறிப்பு, புகைப்படம், மற்ற நிரல்கள் அனைத்தையும் வெளியே எடுத்துவைத்து, எல்லாவற்றையும் நிர்மூலமாக்கி, மறுபடி ஆதியிலிருந்து தொடங்கவேண்டுமென்பது நம் நகரத்தில் இவ்வளவு சகஜமான ஆலோசனையாகிவிட்டதே என்பதுதான் எனக்கு உறுத்தியது.

பார்மட் அடிக்காமலே காரியம் முடிந்தது; எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உபயோகப்படலாம். விளையாட்டோடு சேர்ந்து, திருட்டு ஆட்டம் ஆடுகிறவர்களைக் கண்டுபிடிப்பதற்கென்று ஒரு காவல் நிரலும் ஏறியிருந்தது; அது பட்டியலில் விளையாட்டின் பெயரில் இல்லாமல் வேறொரு பெயரில், அகர வரிசையில் எங்கோ கீழே இருந்தது. விளையாட்டை நீக்கினாலும் காவலாளி வேலையை விடவில்லை. கணினி எழும்போதெல்லாம் கூடவே எழுந்து, தன் கோப்புகளை யாரும் தொடாதவாறு பிடித்துக்கொண்டிருந்தது. கோப்பை அழிக்கப்போனால், 'இது வேறொரு நிரலால் திறக்கப்பட்டிருக்கிறது' என்று பதில் வரும். ஆகவே முதலில் காவலாளியை நீக்கி, கணினியை ஒரு தரம் அணைத்து எழுப்பி, அதற்குப் பிறகே விளையாட்டின் கோப்புறையை அழிக்க வழி பிறந்தது. அதோடு விட்டுவிட முடியாது. 'ஆப்டேட்டா' என்று சாதாரணக் கண்ணுக்கு மறைத்துவைக்கப்பட்ட கோப்புறை ஒன்றும், 'புரோகிராம்டேட்டா' என்று அதேபோல் மறைந்துகிடப்பது ஒன்றும், ஆவணங்களுக்கு நடுவே விளையாட்டின் பெயரில் ஒன்றுமாக மூன்று இடங்களில் அது சரக்கு வைத்திருந்தது. காலக்கிரமத்தில் தானே எழுந்து புதிய பதிப்பைத் தேடுவதற்கு, டாஸ்க் ஷெட்யூலர் என்னும் வேலை அட்டவணையில் ஒரு வரி எழுதிவைத்திருந்தது. நெருப்புச் சுவரில் தனக்கென்று கேட்டுவாங்கிய அனுமதிகளையும் திருப்பிக்கொடுக்கவில்லை. இவ்வளவையும் துடைத்த பிறகுதான் சிவப்புக் கோடு நீலமாயிற்று. ரெஜிஸ்ட்ரி என்னும் விண்டோஸின் உட்பதிவேட்டில் எஞ்சிய சில வரிகளை நான் தொடவில்லை, தொடச் சொல்லவும் மாட்டேன். அவற்றால் பெரும்பாலும் தீங்கில்லை, அவற்றைத் துடைத்துத் தருவதாக விளம்பரம் செய்கிற நிரல்களால்தான் தீங்கு நேர்கிறது. அப்படிப்பட்ட துடைப்பான்களை மைக்ரோசாப்டே ஆதரிப்பதில்லை.

மைக்ரோசாப்டின் சொந்தக் கடையில் வாங்கிய விளையாட்டுகளில் வேறொரு வேடிக்கை உண்டு. அவற்றை வைக்கும் கோப்புறை 'டிரஸ்டட் இன்ஸ்டாலர்' என்ற கண்ணுக்குத் தெரியாத ஒருவருடைய உடைமையாக இருக்கிறது. விண்டோஸைப் புதிதாகப் போட்டுக்கொண்டு, இரண்டாவது டிரைவில் கிடக்கும் பழைய கோப்புறையை அழிக்கப்போனால், அவருடைய அனுமதியை முதலில் பெற்றுவரும்படி சொல்லப்படும். ரொக்கம் கொடுத்துக் கணினி வாங்கியவர், தம் சொந்த வட்டில் ஒரு கோப்புறையை அழிக்க, தாம் கண்டே இராத ஒருவரிடம் அனுமதிக்கு நிற்கவேண்டியிருக்கிறது.

மதுரைக்குத் தெற்கே விருதுநகர், இராமநாதபுரம் வரைக்கும் விரிந்துகிடக்கும் கரிசல் வெளியில் சீமைக்கருவேலத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்த விளையாட்டுகளின் சுபாவம் எளிதில் புரியும். 2017-இல் இதே மதுரைக் கிளைதான் அம்மரங்களை வேரோடு அகற்றவேண்டுமென்று தென் மாவட்ட நிர்வாகங்களை விரட்டியது. மேலே வெட்டிவிட்டுக் கணக்குக் காட்டிய இடங்களிலெல்லாம் அடுத்த மழைக்கு அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைத்ததை நாம் பார்த்தோம். விளையாட்டின் வேர் என்று நான் சொல்வது மேற்சொன்ன காவல் நிரலையே. கணினியின் உள்ளே அதிகாரத்தில் படிநிலைகள் உண்டு. நாம் உபயோகிக்கும் எழுதும் நிரல், கணக்கு நிரல் எல்லாம் வெளிப் படியில் நின்றே வேலை செய்கின்றன. கர்னல் எனப்படும் உட்கருவில் இருப்பவை மட்டுமே எதையும் பார்க்கவும் எதையும் தடுக்கவும் வல்லவை. 2020 ஜூன் மாதம் வெளியான வேலரன்ட் என்ற விளையாட்டு, வான்கார்ட் என்னும் காவலாளியை அந்த உட்கருவிலேயே கொண்டுபோய் வைத்தது. விளையாடினாலும் விளையாடாவிட்டாலும் கணினி எழும்போதே அதுவும் எழுந்துவிடும். விளையாட்டை நீக்குகிறவர் அதைத் தனியாக நீக்கவேண்டும். அதே ஆண்டு வந்த ஜென்ஷின் இம்பாக்ட்டின் காவலாளி, விளையாட்டை மூடிய பிறகும் உட்கருவில் தங்கியிருப்பதைக் கண்டு ஆட்டக்காரர்கள் ஆக்ஷேபம் கிளப்பவே, தயாரித்தவர்கள் அதை மாற்றினார்கள். விஷயம் அங்கே முடியவில்லை. 2022-இல், பிணைப்பணம் கேட்டுக் கணினிகளைப் பூட்டும் கூட்டம் ஒன்று, அந்த விளையாட்டே இல்லாத கணினிகளுக்குள் அந்தக் காவல் கோப்பை மட்டும் கொண்டுபோய் வைத்து, அதன் உட்கரு அதிகாரத்தைக் கொண்டே வைரஸ் தடுப்பு நிரல்களைச் செயலிழக்கச் செய்ததை டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் வெளியிட்டது. உட்கருவில் இருப்பவன் நல்லவனாயினும் ஒரு பிழை செய்தால் என்ன ஆகும் என்பதை, 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு நிரலுக்கு வந்த தவறான புதுப்பிப்பு ஏறத்தாழ 85 லட்சம் கணினிகளை முடக்கி, நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக்கொடுக்க வைத்தபோது உலகமே பார்த்தது. பாதுகாப்புக்கென்று ஒரு நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் ஆபத்து வேறு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொழுதுபோக்குவதற்காக ஒரு மாணவன் தன்னையறியாமல் ஏற்றுக்கொள்வது வேறு.

இது புதிய வியாதியும் அன்று. 2005-ஆம் ஆண்டு சோனி பிஎம்ஜி வெளியிட்ட பாட்டு சிடிகளில், நகலெடுப்பதைத் தடுப்பதற்கென்று ஒரு நிரல் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. சிடியைப் போட்டவர் கணினிக்குள் அது இறங்கி, தன் கோப்புகள் கண்ணில் படாமலே மறைத்துக்கொண்டது. மார்க் ருசினோவிச் என்ற நிபுணர் அதைக் கண்டுபிடித்துக் கையால் நீக்கியபோது அவருடைய சிடி டிரைவே வேலை செய்யாமல் போயிற்று. கம்பெனி பிற்பாடு மனமிரங்கிக் கொடுத்த நீக்கும் கருவியோ, கணினியில் புதியதொரு ஓட்டையைத் திறந்துவிட்டது. மூன்றாண்டுகள் கழித்து ஸ்போர் என்ற விளையாட்டின் மேல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தவர்கள் சொன்ன புகாரும், விளையாட்டை நீக்கிய பிறகும் அதனோடு வந்த செக்யூரோம் என்ற பூட்டு கணினியை விட்டுப் போவதில்லை என்பதுதான்.

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லாமலில்லை. நீக்கும் நிரல் அளவுக்குமீறி ஆர்வம் காட்டினால் நேரும் விபரீதத்துக்கும் உதாரணம் உண்டு: 1998-இன் இறுதியில் பன்ஜி கம்பெனியின் மித் 2 என்ற விளையாட்டை வட்டின் மேல்மட்டத்திலேயே ஏற்றியவர்கள் அதை நீக்கினால், அது தன்னோடு வட்டிலிருந்த அனைத்தையும் அழித்துக்கொண்டு போகும் என்பது தெரியவந்து, கம்பெனி சரக்கையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டது. அன்றிலிருந்து நிரல் எழுதுகிறவர்கள் அழிப்பதில் கொஞ்சம் பயந்தே நடக்கிறார்கள். ஆட்டக்காரன் மாதக்கணக்கில் சேமித்துவைத்த நிலைகளை அழிக்காமல் விட்டுவைப்பதும் பெரும்பாலும் நல்லெண்ணத்தால்தான். ஏமாற்று நிரல்களே உட்கருவுக்குள் புகுந்துவிட்ட காலத்தில், காவலாளி மட்டும் வாசலில் நின்றால் போதுமா என்று கேட்பதும் பொருத்தமே. இவையெல்லாம் உள்ளே வருவதற்கான காரணங்கள், சிலவற்றை விட்டுவைப்பதற்கான காரணங்கள். விட்டுவைக்கிறோம் என்பதைச் சொல்லாமல் விட்டுவைப்பதற்கு இவற்றில் எதுவும் சமாதானமாகாது. 'உன் சேமிப்பை வைத்திருக்கட்டுமா?' என்று ஒரு கேள்வி கேட்பதால் எந்தக் கம்பெனியும் நஷ்டப்பட்டுவிடாது.

நம் பங்குக்கு நாம் செய்துகொண்ட வினையும் உண்டு. ஒரு காலத்தில் வைஸ் சிட்டி போன்ற விளையாட்டுகளை நம் பையன்கள் பென் டிரைவில் கோப்புறையாகவே கைமாற்றிக்கொண்டார்கள். கோப்புறையை அழித்தால் விளையாட்டு போய்விடும், ஆவணங்களுக்கு நடுவே சேமிப்பு மட்டும் மிஞ்சும். இப்போது புழங்கும் கள்ளப் பிரதிகள் அப்படிப்பட்டவை அல்ல. மீனாட்சி பஜாரில் சிடி வாங்கிய தலைமுறைக்குப் பிறகு வந்தவர்கள், வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு ஏற்றும்படி எழுதியிருக்கிற குறிப்பை ஒரு கணமும் தயங்காமல் நிறைவேற்றுகிறார்கள். அந்தக் கோப்புறையைச் சோதிக்கவேண்டாமென்று விண்டோஸ் டிஃபெண்டருக்குக் கொடுத்த விலக்கு, விளையாட்டு போன பிறகும் அப்படியே நின்றுவிடுகிறது. திருடி ஏற்றிய சரக்குக்கு ஒழுங்கான வெளியேற்றம் வேண்டுமென்று யாரிடம் போய் முறையிடுவது? இவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் அதே கதி நேர்கிறது என்பதே என் வழக்கு.

இப்படித்தான் இருக்கமுடியும், வேறு வழியில்லை என்று சொல்வாரும் உண்டு. அவர்களுக்குப் பதில் நம் வீடுகளிலேயே இருந்தது. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய திட்டத்தில் தமிழக அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள், மேலூர், உசிலம்பட்டி, பேரையூர் கிராமங்களுக்கெல்லாம் போயின. அவற்றில் விண்டோஸோடு சேர்த்து, சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஏற்றித் தரப்பட்டது. டெபியன் மரபில் வந்த அந்த இயங்குதளத்தில், ஒரு நிரல் ஏறும்போது எந்தெந்தக் கோப்பு எங்கெங்கே போய் அமர்ந்தது என்பதை இயங்குதளமே பேரேட்டில் எழுதிக்கொள்ளும். 'ரிமூவ்' என்று சொன்னால் அமைப்புக் குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கும். 'பர்ஜ்' என்று சொன்னால் அந்தக் குறிப்புகளையும் விடாது. விளையாட்டு தன் வெளியேற்றத்தைத் தானே எழுதிக்கொள்வதில்லை. வீட்டுக்காரன் கையிலிருக்கும் பேரேட்டைக் கொண்டே அது நடக்கிறது. கணினியைத் திறந்ததும் பிள்ளைகள் விண்டோஸின் பக்கம் போய்விட்டார்கள், பாஸ் பெரும்பாலும் தொடப்படாமலே கிடந்தது என்பது வேறு கதை. முடியும் என்பது நிரூபணமாகியிருந்தது.

சட்டமும் இந்தத் திசையில் பாதி தூரம் வந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, ஒருவர் தம் சம்மதத்தை வாபஸ் பெறுவது, அதைக் கொடுத்தது எவ்வளவு எளிதாக இருந்ததோ அவ்வளவு எளிதாக இருக்கவேண்டும் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அமலுக்கு வருவதற்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அது தரவைப் பற்றிய சட்டம். கணினியில் குந்தியிருக்கும் நிரலைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. ஐரோப்பாவின் எண்ணிமச் சந்தைச் சட்டம் இன்னும் ஒரு படி ஏறி, பெருங்கம்பெனிகள் தம் இயங்குதளத்தில் இருக்கும் செயலிகளை உபயோகிப்பவர் எளிதில் நீக்குவதற்கு வழி செய்யவேண்டுமென்று கட்டாயப்படுத்துகிறது. அந்தக் கடமையும் இயங்குதளக்காரருக்குத்தானே தவிர, விளையாட்டையும் அதன் காவலாளியையும் எழுதுகிற மூன்றாமவருக்கு அல்ல. கடைக்காரர் மனம்வைத்தால் இதெல்லாம் நடக்கும் என்பதற்கு ஆப்பிளே சாட்சி: கணக்குத் தொடங்கும் வசதி கொடுக்கிற செயலி, அதற்குள்ளேயே அந்தக் கணக்கை அழிக்கும் வசதியும் கொடுத்தாகவேண்டும் என்று 2022 ஜூன் 30 முதல் விதித்தது; செயலி எழுதுகிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டாவது இணங்கினார்கள்.

நமக்கு மிக அருகிலிருக்கும் கருவி, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ஆம் தேதி வெளியிட்ட வழிகாட்டு நெறிகளே என்பது என் அபிப்பிராயம். வாடிக்கையாளரைத் திரையில் ஏமாற்றும் 13 விதத் தந்திரங்களை அது பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, நியாயமற்ற வர்த்தகத்தின் வரிசையில் சேர்க்கிறது. சந்தாவிலிருந்து விலகும் வழியைச் சுற்றிவளைத்து வைப்பது அவற்றுள் ஒன்று. சந்தாவுக்கு ஒப்புக்கொண்டதைக் கணினியில் ஏறும் நிரலுக்கும் ஒப்புக்கொள்வதில் தத்துவச் சிக்கல் எதுவும் இல்லை. ஆணையம் 14-ஆவதாக ஒன்றைச் சேர்க்கலாம். ஒரு நிரல் ஏறும்போது தன்னோடு கூட்டிவரும் ஒவ்வொரு துணை நிரலின் பெயரையும், அது உட்கருவில் அமருமா என்பதையும் முன்கூட்டியே சொல்லவேண்டும். நீக்கும்போது ஒரே கட்டளையில் அனைத்தும் போகவேண்டும். எதையாவது விட்டுவைப்பதானால் அது இருக்கும் இடத்தைக் காட்டிச் சம்மதம் கேட்கவேண்டும். அப்படியொரு விதி வரும் வரையில், காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு போகமறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவுசெய்து வைப்பது நல்லது. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் பார்மட் அடிக்கக் கொடுப்பதற்கு முன்பாகவே.